வங்காள அகதிகளும் நிவாரணப் பணிகளும் (1971–1972): ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கிழக்குப் பாகிஸ்தானில் 1971 மார்ச் 25 இரவு தொடங்கிய இராணுவ நடவடிக்கையால், ஒன்பது மாத காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்த மிகப் பெரிய இடப்பெயர்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இவர்களுக்கான உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அரசுகளும் பன்னாட்டு நிறுவனங்களும் தொண்டமைப்புகளும் எவ்வாறு வழங்கின, அச்சுமையை உண்மையில் யார் ஏற்றனர், நிவாரணம் எட்டாதவர் யாவர் ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. முகாம்கள் பற்றிய புள்ளிவிவரங்கள், காலரா ஒழிப்பில் வாய்வழிக் கரைசலின் பங்கு, நிதி திரட்டப்பட்ட முறை, 1972இல் நிகழ்ந்த திரும்புதல் ஆகியவை இதில் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அகதிகள், வங்காளதேசம், திரிபுரா, நிவாரண முகாம், காலரா, வாய்வழி நீரேற்றம், தாயகம் திரும்புதல்.

முன்னுரை

போர் வரலாறுகள் பெரும்பாலும் படைகளின் நகர்வையும் தலைவர்களின் முடிவுகளையும் மையமாகக் கொண்டு எழுதப்படுகின்றன. 1971ஆம் ஆண்டும் இதற்கு விலக்கன்று. டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போரைப் பற்றி எண்ணற்ற நூல்கள் உள்ளன. ஆனால் அப்போருக்கு முன் எட்டு மாதங்களுக்கும் மேலாக, நாள்தோறும் பல்லாயிரம் குடும்பங்கள் எல்லை கடந்து வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு நாள்தோறும் சோறு போட வேண்டியிருந்தது. குடிநீர் தர வேண்டியிருந்தது. இறந்தோரை அடக்கவோ எரிக்கவோ வேண்டியிருந்தது. போரின் பதின்மூன்று நாள்களைவிட இந்த எட்டு மாதங்களே மக்களின் உயிரை அதிகம் சார்ந்திருந்தன எனலாம்.

மனிதநேய உதவி என்னும் சொல் பொதுவாகத் தொலைவிலிருந்து வரும் விமானங்களையும் கப்பல்களையும் நினைவூட்டுவது. 1971இன் சான்றுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. உதவியின் முதல் கை அண்டை வீட்டாருடையதாகவே இருந்தது. இரண்டாவது கை மாநில, மத்திய அரசுகளுடையது. உலகின் கை அவற்றுக்குப் பின்னரே வந்தது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடப்பெயர்வின் பின்னணி

1970 நவம்பர் 12 அன்று வங்காள விரிகுடாவில் உருவான புயல் கிழக்குப் பாகிஸ்தானின் கடலோரத்தைத் தாக்கியது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. நிவாரணத்தில் மத்திய அரசு காட்டிய மெத்தனம் வங்காளிகளின் மனக்கசப்பை ஆழப்படுத்தியது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில், கிழக்குப் பகுதிக்குரிய 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மான் தலைமையிலான அவாமி லீக் வென்றது. நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை பெற்ற அக்கட்சியிடம் ஆட்சி ஒப்படைக்கப்படவில்லை. அவை கூடுவதை 1971 மார்ச் 1 அன்று அதிபர் யாஹ்யா கான் ஒத்திவைத்தார். மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது.

டெல்லியில் இருந்த ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் பிரதிநிதி, மார்ச் 29ஆம் நாளிலேயே அகதிகள் பெருமளவில் வரக்கூடும் எனத் தம் தலைமையகத்தை எச்சரித்தார். ஒரு மாதத்துக்குள் வந்தோர் தொகை பத்து இலட்சத்தை நெருங்கியது. மே 24 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் இந்திரா காந்தி, எட்டு வாரங்களில் சுமார் 35 இலட்சம் பேர் வந்துள்ளதாகத் தெரிவித்தார். பாகிஸ்தானின் உள்விவகாரம் எனப்பட்டது இந்தியாவின் உள்விவகாரமாகவும் ஆகிவிட்டது என்பது அவரது வாதம். அம்மாத இறுதியில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர்.

வந்தவர்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். சிறுபான்மையினர் என்ற காரணத்தால் அவர்கள் தனியாகக் குறிவைக்கப்பட்டனர். எனினும் இந்திய அரசு இவ்வுண்மையை உள்நாட்டில் உரக்கப் பேசவில்லை. மதக் கலவரம் மூளும் என்ற அச்சமே இதற்குக் காரணம். முகாம்களில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், பௌத்தர் ஆகிய அனைவரும் 'வங்காளதேச அகதிகள்' என ஒரே பெயரால் குறிக்கப்பட்டனர். நிவாரணத்தின் அமைதிக்கு இம்மௌனம் உதவியது. ஆனால் யார், எதனால் விரட்டப்பட்டனர் என்ற செய்தி பொது நினைவில் மங்குவதற்கும் அதுவே வழிவகுத்தது.

2. அரசின் நிலைப்பாடு: 'தற்காலிகம்' என்னும் கொள்கை

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் அந்நாளில் இல்லை. ஆகவே எல்லை கடந்து வந்தோர் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டனர். அவர்கள் தங்கியிருப்பது தற்காலிகமானது, சூழல் சீரானதும் தாயகம் திரும்ப வேண்டியவர்கள் என்பது தொடக்கம் முதலே அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கையாக இருந்தது.

இக்கொள்கைக்கு முந்தைய பட்டறிவே அடிப்படை. 1947, 1950, 1964 ஆகிய ஆண்டுகளை ஒட்டிக் கிழக்கு வங்காளத்திலிருந்து அலையலையாக வந்தோர் திரும்பிச் செல்லவில்லை. அவர்களைக் குடியமர்த்துவதற்காக 1958இல் தண்டகாரண்யத் திட்டம் தொடங்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் மேற்கு வங்காளத்தின் மறுவாழ்வுச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. எனவே 1971இல் 'மறுவாழ்வு' என்ற சொல்லே தவிர்க்கப்பட்டு, 'நிவாரணம்' என்பது முன்னிறுத்தப்பட்டது. முகாம்களில் நிலையான கட்டடங்கள் எழுப்பப்படாததும், அகதிகள் வெளியே கூலி வேலைக்குச் செல்வதை அரசு ஊக்குவிக்காததும் இக்கொள்கையின் விளைவுகளே.

அதே வேளையில் எல்லை மூடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அவ்வெல்லையை மூடுவது இயலாது என்பது ஒரு காரணம். வந்தவர்களைத் துப்பாக்கி முன் திருப்பி அனுப்ப மனம் ஒப்பவில்லை என்பது மற்றொன்று. சட்டப்படி அகதி உரிமை எதுவும் இல்லாதபோதும் நடைமுறையில் அடைக்கலம் மறுக்கப்படவில்லை. உரிமையாக அன்றி விருந்தோம்பலாக வழங்கப்பட்ட இவ்வடைக்கலத்தின் வலிமையும் வலுவின்மையும் இதிலேயே அடங்கியுள்ளன.

நிர்வாகத்துக்காக மத்திய மறுவாழ்வுத் துறையின் கிளைச் செயலகம் ஒன்று கல்கத்தாவில் அமைக்கப்பட்டது. கர்னல் பி. என். லூத்ரா அதன் பொறுப்பை ஏற்றார். முகாம்களை நடத்தும் பணி மாநில அரசுகளிடமும், செலவின் பொறுப்பு மத்திய அரசிடமும் இருந்தன. வெளிநாட்டு அமைப்புகள் முகாம்களை நேரடியாக நடத்த இந்தியா இடமளிக்கவில்லை.

3. முகாம்கள்: எண்கள் உணர்த்துவன

1971 டிசம்பர்த் தொடக்கத்தில் இந்திய அரசு ஐ.நா.வுக்கு அளித்த கணக்கின்படி அகதிகளின் மொத்தத் தொகை 98,99,305. முகாம்களின் எண்ணிக்கை 825. மாநில வாரியான விவரம் வருமாறு:

மேற்கு வங்காளம் – 492 முகாம்கள். மொத்தம் 72,35,916 பேர்
திரிபுரா – 276 முகாம்கள்; மொத்தம் 13,81,649 பேர்
மேகாலயா – 17 முகாம்கள். மொத்தம் 6,67,986 பேர்
அசாம் – 28 முகாம்கள். மொத்தம் 3,47,555 பேர்
மத்தியப் பிரதேசம் – 3 முகாம்கள். மொத்தம் 2,19,298 பேர்
பீகார் – 8 முகாம்கள். மொத்தம் 36,732 பேர்
உத்தரப் பிரதேசம் – 1 முகாம். மொத்தம் 10,169 பேர்

இந்த எண்கள் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டவை அல்ல. வெளியேறியோர் இருபது இலட்சம் பேர் மட்டுமே என்பது பாகிஸ்தான் அரசின் கூற்று. எல்லைச் சாவடியில் பதிவு செய்தோர், குடும்ப அட்டை பெற்றோர், ஒரு முகாமிலிருந்து மற்றொன்றுக்கு மாறியோர் ஆகியோரைப் பிரித்தறிவது எளிதன்று. இரட்டைப் பதிவுகள் இருந்திருக்க வாய்ப்புண்டு; பதிவு செய்யாமலே உறவினர் வீடுகளில் தங்கியோரும் உண்டு. எனினும் அந்நாளில் முகாம்களைப் பார்வையிட்ட ஐ.நா. அலுவலர்களும் வெளிநாட்டுச் செய்தியாளர்களும் கண்ட கூட்டம் இந்தியக் கணக்குக்கே நெருக்கமாக இருந்தது. ஆகவே துல்லியத்தில் ஐயம் இருப்பினும், அளவின் பேருருவில் ஐயமில்லை.

இக்கணக்கிலிருந்து மூன்று செய்திகளை அறியமுடிகிறது. முதலாவது, முகாம்களில் இருந்தோர் 67,97,245 பேர். எஞ்சிய 31,02,060 பேர் முகாம்களுக்கு வெளியே, உறவினர், நண்பர், முன்பின் அறியாத குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளில் தங்கினர். அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உறைவிடம் அளித்தது அரசோ தொண்டமைப்போ அன்று, எல்லையோரக் குடும்பங்களே. நிவாரண வரலாறுகளில் பெரிதும் பேசப்படாத கொடையாளர் இவர்களே. ஓலைக் கூரையிட்ட ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்ததற்குக் கணக்கேடு ஏதும் இல்லை.

இரண்டாவது, முகாம்களின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபட்டது. திரிபுராவில் ஒரு முகாமில் சராசரியாக மூவாயிரம் பேரும், மேற்கு வங்காளத்தில் பத்தாயிரம் பேரும், மேகாலயாவில் முப்பத்தைந்தாயிரம் பேரும் இருந்தனர். மேகாலயாவில் சமதளம் அரிது. இருந்த சில இடங்களிலேயே மக்கள் திரண்டனர். முகாம் பெரிதாகும்தோறும் குடிநீர், கழிப்பிடம், நோய்த் தடுப்பு ஆகியவை கடினமாயின.

மூன்றாவது, அகதிகளை எல்லையிலிருந்து உள்நாட்டுக்குப் பகிர்ந்தனுப்பும் திட்டம் நிறைவேறவில்லை. மத்தியப் பிரதேசத்தின் மானா உள்ளிட்ட முகாம்களுக்குச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. ஆயினும் அம்மாநிலத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்தோர் மொத்தத்தில் 2.3 விழுக்காட்டினரே. போக்குவரத்துத் தடைகள் ஒருபுறமிருக்க, மொழி அறியாத தொலைவிடத்துக்குச் செல்ல அகதிகளும் விரும்பவில்லை. ஊரின் செய்தி வந்தெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதே அவர்களது விருப்பம்.

கல்கத்தாவின் புறநகரான சால்ட் லேக் முகாம் உலகின் கண்ணில் அதிகம் பட்டது. விமான நிலையத்துக்கு அருகில் இருந்ததால் அயல்நாட்டுத் தலைவர்களும் நிழற்படக் கலைஞர்களும் எளிதில் அங்குச் சென்றனர். கட்டுமானத்துக்காகக் குவிக்கப்பட்டிருந்த பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்த காட்சி உலக ஏடுகளில் வெளியாயிற்று. மழைக்காலத்தில் அச்சதுப்பு நிலம் சேறும் கழிவும் கலந்த நீரில் மூழ்கியது.

4. திரிபுரா: விருந்தோம்பிய மாநிலத்தின் நிலை

திரிபுராவின் நிலை தனித்து ஆராயத்தக்கது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 15,56,342. அங்கு வந்த அகதிகளோ 13,81,649 பேர். மண்ணின் மக்களுக்கு ஏறத்தாழ நிகரான தொகையினர் சில மாதங்களில் வந்து சேர்ந்தனர். அவர்களில் பத்தில் நால்வர் முகாம்களுக்கு வெளியே வீடுகளில் தங்கினர். இவ்விகிதம் மற்ற எல்லா மாநிலங்களிலும் உள்ளதைவிட உயர்ந்தது.

திரிபுரா மூன்று புறமும் கிழக்குப் பாகிஸ்தானால் சூழப்பட்ட நிலப்பகுதி. அந்நாளில் இரயில் பாதை மாநிலத்தின் வடகோடியிலுள்ள தர்மநகரோடு முடிவுற்றது. அங்கிருந்து அகர்தலாவுக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் லாரிகளில் அரிசியும் மருந்தும் செல்ல வேண்டும். மழையில் அப்பாதை அடிக்கடி துண்டிக்கப்பட்டது. நெருக்கடியைக் குறைக்க அமெரிக்க, சோவியத் சரக்கு விமானங்கள் அமர்த்தப்பட்டன. அமெரிக்க விமானங்கள் அகர்தலாவிலிருந்து அகதிகளைக் குவஹாத்திக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது அரிசி கொண்டுவந்தன. ஆனால் வெளியே அனுப்பப்பட்டோரின் தொகையைப் புதிதாக வந்தோரின் தொகை சில நாள்களிலேயே விஞ்சியது.

பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின, பாடங்கள் நின்றன. கூலி வேலைக்குப் போட்டி மிகுந்து கூலி குறைந்தது. விறகு, காய்கறி, மீன் ஆகியவற்றின் விலை ஏறியது. காடுகள் எரிபொருளுக்காக வெட்டப்பட்டன. முகாமில் இருப்போருக்கு விலையின்றி அரிசி கிடைக்க, அருகிலுள்ள உள்ளூர் ஏழைக்கு அது கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் எழுந்தது இயல்பே. விருந்தோம்பலையும் மனத்தாங்கலையும் எதிரெதிராகக் காண வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தில், ஒரே ஆளிடத்தும் இரண்டும் இருந்திருக்கக்கூடும். மேலும், 1947 முதல் தொடர்ந்த குடிப்பெயர்வால் சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிட்ட திரிபுராவின் பழங்குடி மக்களின் அச்சத்தை இந்நிகழ்வு கூர்மையாக்கியது.

5. பன்னாட்டு உதவியும் நிதிச் சுமையும்

1971 ஏப்ரல் 23 அன்று ஐ.நா.வுக்கான இந்தியப் பிரதிநிதி சமர் சென், பொதுச் செயலாளர் ஊ தாண்டிடம் உதவி கோரினார். ஏப்ரல் 29 அன்று ஐ.நா. அமைப்புகளின் உதவிகளை ஒருங்கிணைக்கும் மையமாக அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் உயர் ஆணையராக இருந்தவர் சத்ருதீன் ஆகா கான். தனி நாடு ஒன்றின் நெருக்கடிக்காக ஐ.நா.வின் பல அமைப்புகளையும் ஒரே அலுவலகம் ஒருங்கிணைத்தது இதுவே முதன்முறை. யூனிசெப், உலக உணவுத் திட்டம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இதன்வழி இணைந்து செயலாற்றின. மே 19 அன்று ஊ தாண்ட் உலக நாடுகளிடம் பொது வேண்டுகோள் விடுத்தார்.

1972 மார்ச் வரையிலான நிவாரணச் செலவு 70 கோடி டாலராகும் என உலக வங்கி மதிப்பிட்டது. ஐ.நா. வழியாகத் திரண்ட உதவி சுமார் 18 கோடி டாலர். அதாவது மதிப்பிடப்பட்ட தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இவ்வழியில் கிடைத்தது. மிகுதியில் பெரும்பகுதியை, அந்நாளில் உலகின் ஏழை நாடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட இந்தியாவே தாங்கியது.

இச்சுமை இந்தியக் குடிமகனின் அன்றாட வாழ்வை எட்டிய விதம் கவனத்துக்குரியது. 1971 நவம்பர் 15 முதல் அஞ்சல்களுக்கு ஐந்து பைசா அகதிகள் நிவாரண வரி விதிக்கப்பட்டது. புதிய தபால்தலை அச்சாகும்வரை, புழக்கத்திலிருந்த குடும்பநலத் தபால்தலையின்மேல் 'அகதிகள் நிவாரணம்' எனப் பொறித்து விற்கப்பட்டது. இரயில், விமானப் பயணச்சீட்டுகளுக்கும் இத்தகைய வரி விதிக்கப்பட்டது. இவ்வரி 1973இல்தான் நீக்கப்பட்டது. எல்லையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், கன்னியாகுமரியிலோ தூத்துக்குடியிலோ கடிதம் எழுதியவரும் தம்மை அறியாமலே வங்காள அகதிக்கு ஐந்து பைசா அளித்தார். தொகை சிறிது, ஆனால் சுமையைப் பகிரும் முறை என்ற வகையில் அதன் பொருள் பெரிது.

தனியார் முயற்சிகளும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் முன்னின்று நடத்திய இசை நிகழ்ச்சிகளின் நுழைவுக் கட்டணமாக ஏறத்தாழ 2,43,000 டாலர் திரண்டு யூனிசெப்புக்கு அளிக்கப்பட்டது. ஒரு கோடி மக்களின் தேவைக்கு அது ஒரு துளியே. ஆயினும் 'வங்காளதேசம்' என்ற பெயரை மேலை நாட்டு இளைஞர்களிடம் கொண்டுசேர்த்ததில் அதற்கு ஈடில்லை. அதே மாதத்தில் அமெரிக்கச் செனட்டர் எட்வர்டு கென்னடி முகாம்களைப் பார்வையிட்டார். அக்டோபரில் ஆக்ஸ்ஃபாம் அறுபது பேரின் நேரடிச் சாட்சியங்களைத் திரட்டி வெளியிட்டது. பொருளைப் போலவே சாட்சியமும் மனிதநேய உதவியின் ஒரு கூறு என்பதை அவ்வெளியீடு உணர்த்தியது. களத்தில் இராமகிருஷ்ண மிஷன், பாரத் சேவாஸ்ரம சங்கம், அன்னை தெரசாவின் அன்புப் பணியாளர் சபை, காரித்தாஸ் முதலிய அமைப்புகள் உணவும் மருத்துவமும் அளித்தன.

6. காலராவும் பங்கான் மருத்துவமனையும்

பருவமழையோடு காலரா பரவியது. செப்டம்பர் இறுதிக்குள் 46,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. காலராவில் மரணம் நேர்வது உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதாலேயே. அக்காலத்தில் ஏற்கப்பட்டிருந்த மருத்துவம் சலைனைச் சிரைவழியே ஏற்றுவது. அதற்குக் கிருமி நீக்கிய பாட்டில்கள், ஊசிகள், பயிற்சி பெற்ற கைகள் ஆகியவை வேண்டும். எல்லையோர ஊர்களில் அவை மூன்றும் போதாமையால், சில இடங்களில் நோயுற்றோரில் 20 முதல் 30 விழுக்காட்டினர் மாண்டனர்.

ஜூன் மாத இறுதியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மகலானாபிஸ் தம் குழுவினருடன் எல்லையோர ஊரான பங்கானுக்குச் சென்றார். மருத்துவமனையின் இரண்டு அறைகளில் கட்டில் இன்றித் தரையிலும் நோயாளிகள் கிடந்தனர். சலைன் இருப்பு சில நாள்களில் தீர்ந்துவிடும் நிலை. எனவே வாயால் பருகத்தக்க கரைசலைப் பயன்படுத்த அவர் முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளூக்கோஸ் 22 கிராம், சமையலுப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்பது அதன் அளவு. குடலில் குளூக்கோஸ் உள்ளீர்க்கப்படும்போது உப்பும் உடன் செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். காலராவிலும் இவ்வியக்கம் கெடுவதில்லை. இவ்வுண்மை ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் அதை மருத்துவமனைச் சூழலில் மெய்ப்பித்திருந்தன. ஆனால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாத நெருக்கடிக் களத்தில் இது பயன்தருமா என்பதே அப்போதைய ஐயம்.

கல்கத்தா மையத்தின் நூலக அறையே மருந்துக்கூடமாயிற்று. உப்பும் குளூக்கோஸும் சோடாவும் எடைபோட்டுப் பிளாஸ்டிக் பைகளில் இடப்பட்டன. பைகளின் வாய் இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டப்பட்டது. பங்கானில் அவற்றைப் பீப்பாய் நீரில் கரைத்து, குழாய் வழியே கோப்பைகளில் பிடித்து, நோயாளியின் தாயோ அண்ணனோ மனைவியோ புகட்டினர். கடும் நிலையில் வந்தோருக்கு மட்டும் முதலில் சலைன் ஏற்றப்பட்டது. ஒரு லிட்டர் கரைசலின் அடக்கவிலை பதினொரு பைசா. இம்முறையில் மருத்துவம் பெற்றோரிடையே இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இந்நிகழ்வின் வரலாற்றுச் சிறப்பு மருந்தின் புதுமையில் இல்லை. மருந்து புகட்டும் கை மாறியதில் உள்ளது. உதவி பெறுவோர் என்று மட்டுமே கருதப்பட்ட அகதிகள் இங்கு உதவி செய்வோராயினர். தொடக்கத்தில் மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1973இல் முடிவுகள் அச்சேறின. 1978இல் உலக சுகாதார நிறுவனம் தன் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையாக வாய்வழி நீரேற்றத்தை ஏற்றது. இன்று தமிழகத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் வரலாற்றில் பங்கானுக்கு முதன்மையான இடம் உண்டு. மகலானாபிஸ் 2022இல் காலமானார்; மறைவுக்குப் பின் 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

காலரா தணிந்த பின்னும் குழந்தைகளின் இறப்பு தொடர்ந்தது. அதற்குக் காரணம் ஊட்டச்சத்துக் குறைவு. வயதுவந்தோருக்கான அரிசி, பருப்புப் பங்கீடு இரண்டு வயதுக் குழந்தைக்குப் போதுமானதாகவோ உகந்ததாகவோ இல்லை. இதை உணர்ந்து, யூனிசெப், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றின் துணையுடன் பால் உணவு வழங்கும் நிலையங்களும், கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையங்களும் தொடங்கப்பட்டன. அவை முழுமையாக இயங்கத் தொடங்கியபோது ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. இத்தாமதமே 1971 நிவாரணத்தின் பெருங்குறை எனலாம்.

7. திரும்புதல்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன. அமைப்பு முறையில் திருப்பி அனுப்பும் பணி 1972 ஜனவரி 1 அன்று தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. ஆனால் மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. கால்நடையாகவும் மாட்டுவண்டிகளிலும் மிதிவண்டிகளிலும் புறப்பட்டனர். ஜனவரியில் ஒரு நாளைக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்ததும் உண்டு. திரும்பியோருக்கு வழியுணவும் இரண்டு வாரத்துக்கான பங்கீட்டுப் பொருள்களும் வழங்கப்பட்டன. பிப்ரவரி இறுதிக்குள் தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினர். மார்ச் 25 அன்று, அதாவது இராணுவ நடவடிக்கையின் முதலாண்டு நிறைவு நாளில், எஞ்சியிருந்தோர் 60,000 பேர் மட்டுமே என இந்திய அரசு கணக்கிட்டது.

இத்துணை விரைவான திரும்புதல் அகதிகள் வரலாற்றில் அரிது. நிவாரணம் சிறப்பாக நடந்ததால் இது கைகூடவில்லை. விரட்டிய காரணம் நீங்கியதால் கைகூடியது. உதவியால் உயிரைக் காக்க முடியும்; வீட்டைத் திருப்பித் தர முடியாது என்பதற்கு இது சான்று. திரும்பியோர் கண்டதும் பெரும்பாலும் எரிந்த கூரையும் பறிபோன மாடுகளும் விதைநெல் இல்லாத வயலுமே.

8. நிவாரணத்துக்கு வெளியே நின்றோர்

வெற்றிக் கதையாக முடியும் இவ்வரலாற்றில் இடம்பெறாதோர் சிலர் உண்டு. முதலாவதாக, வன்கொடுமைக்கு உள்ளான பெண்கள். முகாம் பதிவேடுகள் குடும்பத் தலைவரின் பெயரில் அமைந்தன. பங்கீட்டு அட்டையும் அவ்வாறே. தனித்து வந்த பெண்ணின் துயரைப் பதிவுசெய்ய அப்பதிவேட்டில் கட்டம் இல்லை. புதிய வங்காளதேச அரசு அவர்களை 'வீராங்கனைகள்' எனப் போற்றியது. ஆனால் அப்பட்டமே பலருக்கு ஊரார் விரல்நீட்டும் அடையாளமாக மாறியது.

இரண்டாவதாக, உருது பேசும் பீகாரி மக்கள். 1947இல் இந்தியாவிலிருந்து அகதிகளாகக் கிழக்குப் பாகிஸ்தான் சென்ற இவர்கள், 1971இல் பாகிஸ்தான் தரப்பினராகக் கருதப்பட்டு, விடுதலைக்குப் பின் பழிவாங்கலுக்கு உள்ளாயினர். டாக்காவின் முகமதுபூர்ப் பகுதியிலுள்ள 'ஜெனீவா முகாம்' உள்ளிட்ட இடங்களில் தலைமுறைகளாக நாடற்றோராக வாழ்ந்தனர். 2008இல்தான் வங்காளதேச உயர் நீதிமன்றம் அவர்களது குடியுரிமையை உறுதிசெய்தது.

மூன்றாவதாக, திரும்பாமல் தங்கியவர்களும் அவ்வாறு தங்கியதாக ஐயுறப்பட்டவர்களும். 1985ஆம் ஆண்டின் அசாம் உடன்பாடு, 1971 மார்ச் 25ஐ வெளிநாட்டவரைக் கண்டறியும் எல்லை நாளாக வரையறுத்தது. அசாமில் 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேடும் அந்நாளையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு தலைமுறைக்கு அடைக்கலத்தின் தொடக்க நாளாக இருந்த தேதி, அடுத்த தலைமுறைக்கு உரிமையைச் சோதிக்கும் நாளாயிற்று.

9. தமிழகச் சூழலோடு ஓர் ஒப்பீடு

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் தமிழகம் வந்தபோது, இந்தியா கையாண்ட முறைமையில் 1971இன் சாயலைக் காணலாம். உடன்படிக்கையோ தனிச் சட்டமோ இன்றி, ஆட்சி ஆணைகளின் வழியே அடைக்கலம். மாநில அரசு நடத்தும் முகாம்கள். மத்திய அரசின் நிதி. பன்னாட்டு அமைப்புகளுக்கு வரையறுக்கப்பட்ட இடம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 1992இல்தான், திரும்புதல் தன்விருப்பிலானதா என உறுதிசெய்யும் பணிக்காகச் சென்னைக்கு வந்தது. வேறுபாடு காலத்தில் உள்ளது. வங்காள அகதிகளின் முகாம் வாழ்வு ஓராண்டுக்குள் முடிந்தது; இலங்கைத் தமிழரின் முகாம் வாழ்வு நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்கிறது. 'தற்காலிகம்' என்ற கொள்கை குறுகிய காலத்துக்கு ஏற்புடையதாயினும், நீண்டுவிட்ட அகதி வாழ்வுக்கு அது விடையாகாது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. 1971இன் நிவாரணச் சுமையில் பெரும்பங்கை ஏற்றவை எல்லையோரக் குடும்பங்களும் இந்திய அரசும் ஆகும், ஐ.நா. வழி வந்த உதவி மதிப்பிடப்பட்ட தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மிகுதியான உயிர்களைக் காத்த மருத்துவ முறைகளுள் ஒன்று, விலை மலிந்ததும் அகதிகளின் கைகளாலேயே புகட்டத்தக்கதுமான கரைசலே. குழந்தைகளுக்கான தனிக் கவனம் தாமதித்தது. திரும்புதலை நிகழ்த்தியது நிவாரணம் அன்று, அரசியல் மாற்றமே. பதிவேட்டில் கட்டம் இல்லாதோர் உதவிக்கும் பின்னர் வரலாற்றுக்கும் வெளியே நின்றனர்.

முகாம்கள் கலைந்த இடங்களில் இன்று நகரங்கள் எழுந்துள்ளன. சால்ட் லேக் கல்கத்தாவின் வசதிமிக்க குடியிருப்பாகிவிட்டது. முப்பத்தொரு இலட்சம் பேருக்கு இடமளித்த வீடுகளின் முகவரிகளோ எந்த ஆவணக்காப்பகத்திலும் தொகுக்கப்படவில்லை. அவ்வீட்டார் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களது வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டுவது, காலம் கடக்குமுன் செய்ய வேண்டிய ஆய்வுப் பணியாகும்.